இன்னும் கொஞ்சம்

பதினோரு நாளாக அளவக்காவுக்குக் கால் தரையில் பாவவில்லை. காரணம் கேட்டால் சிரிப்பீர்கள். அவள் கணவர் சாப்பிட உட்கார்ந்து, தட்டை அவள் பக்கம் நகர்த்தி, "இன்னும் கொஞ்சம்" என்று கேட்டார். அவ்வளவுதான்.

வாரா வாரம் இந்த வீட்டை எட்டிப் பார்க்கிறவர்களுக்கு, அது அவ்வளவுதான் இல்லை என்று தெரியும். இன்றைக்குத்தான் வந்து உட்காருகிறவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போய் வருவோம்.

அளவக்கா ஆஸ்பத்திரிச் சமையலறையில் பத்தொன்பது வருடமாக வேலை பார்க்கிறவள். ஒவ்வொரு நோயாளியின் தட்டுக்கும் இத்தனை கிராம், இத்தனை மில்லி என்று அளந்து போடுவதால் அந்தப் பேர் ஒட்டிக்கொண்டது. சொந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள். அவள் வீட்டுக்காரர் பேருந்து நிலைய வாசலில் ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து சாவி வெட்டிக் கொடுக்கிறார். ஆறு மாதம் முன்பு, கால் வீங்குகிறதே என்று காட்டப் போன இடத்தில், இரண்டு சிறுநீரகத்தின் வேலையும் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டதாக டாக்டர் சொன்னார்.

"பாதி வைத்தியம் என் மருந்துல இருக்கு, மீதி பாதி உங்க அடுப்புல இருக்கு" என்று அளவக்காவைப் பார்த்துச் சொன்னார். அந்த நேரத்திலும் அவளுக்கு அது கொஞ்சம் பெருமையாக இருந்தது என்பதை மறைப்பானேன்.

அன்றோடு வீட்டில் உப்பு போயிற்று. பொட்டாசியம் அதிகம் என்று வாழைப்பழம், தக்காளி, ஆரஞ்சு எல்லாம் வாசற்படி தாண்டுவதில்லை. அதே காரணத்துக்காக உருளைக்கிழங்கை மெலிதாக நறுக்கி, ஊறவைத்து, தண்ணீரைக் கொட்டி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அதையும் கொட்டினால் கடைசியில் தட்டில் விழுவது உருளைக்கிழங்கின் ஞாபகம் மட்டும்தான். அதையும் சாவிக்காரர் முகம் சுளிக்காமல் சாப்பிட்டார். சாப்பிட்டுவிட்டு எழுந்து கை கழுவப் போனார்.

அப்படி எழுந்து போவதுதான் அவளைக் கொன்றது.

இருபத்தெட்டு வருடத்தில் அந்த மனுஷன் "நீ அழகா இருக்கே" என்று ஒரு தடவை சொன்னதில்லை. "இன்னும் கொஞ்சம்" என்பார். அவளுக்கு இரண்டும் ஒன்றுதான். சண்டை போட்டுப் பேச்சு நின்றுபோன நாட்களில்கூடத் தட்டு மட்டும் அவள் பக்கம் நகரும், சண்டை தீர்ந்துவிடும். உப்பு போன நாளிலிருந்து அந்தத் தட்டு நகரவில்லை. ஐம்பத்திரண்டு வயதில் இதற்குப் போய் ஏங்குவதா என்று வெட்கப்பட்டுக்கொண்டே அவள் ஏங்கினாள். அவர் முதல் வாயை மெல்லும்போது கரண்டியோடு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பாள். ஒன்றும் நடக்காது.

பதினோரு நாள் முன்பு நடந்தது. அவள் வறுத்த பூண்டும் எலுமிச்சையும்தான் கைகொடுத்தன என்று நினைத்துக்கொண்டாள். அதற்கப்புறம் தினமும் நடந்தது.

*

இன்று காலை, சமையலறை மேடையில் நாற்பத்திரண்டு தட்டுகள் வரிசையாக இருந்தன. சிவப்பு அட்டை சர்க்கரைக்காரர்களுக்கு. நீலம் ரத்த அழுத்தம். மஞ்சள் சிறுநீரகம். மாதம் ஒருமுறை எடுக்கும் ரத்தத்தை நேற்றுத்தான் சாவிக்காரர் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். ரிப்போர்ட் நன்றாகத்தான் வரும் என்று அளவக்கா நம்பினாள். நன்றாகச் சாப்பிடுகிறவருக்கு என்ன வரப்போகிறது?

போன வாரம் சேர்ந்த சமையலம்மா ஒரு வெள்ளை டப்பாவைக் கையில் எடுத்து, மஞ்சள் தட்டு ஒன்றின் மேல் சாய்த்தாள்.

"கையை எடு."

சமையலம்மா திடுக்கிட்டு நிமிர்ந்தாள். "உப்புதான் அக்கா. சோடியம் கம்மின்னு போட்டிருக்கே. பாவம், அவங்களும் கொஞ்சம் ருசியா சாப்பிடட்டுமேன்னு..."

"பாவம் பார்த்துத்தான் கையை எடுக்கச் சொல்றேன். சோடியத்தைக் குறைச்சா அந்த இடத்துல வேற ஒண்ணை வைக்கணும்ல? பொட்டாசியத்தை வெச்சிருக்காங்க. நல்ல கிட்னின்னா அதை வெளியே தள்ளிடும். மஞ்சள் அட்டைக்காரங்களுக்கு அந்தத் தெம்பு கிடையாது. அது ரத்தத்துலயே தங்கி இதயத்துல கை வைக்கும். நீலத்துலகூட மேடம் டிக் போட்டவங்களுக்கு மட்டும்தான் இது."

"இவ்வளவு இருக்கா அக்கா இதுல?"

"உப்புல இல்லாத வில்லங்கமா" என்றாள் அளவக்கா, டப்பாவை வாங்கி மேல் அலமாரியில் வைத்தபடி.

அப்போதுதான் டயட்டீஷியன் மேடம் உள்ளே வந்தாள். அளவக்காவை விடப் பதினைந்து வயது சிறியவள், எப்போதும் அவசரத்தில் இருக்கிறவள். இன்று அவசரம் இல்லாமல் வந்தாள். அதுவே அளவக்காவுக்குப் பிடிக்கவில்லை.

"அக்கா, சார் எங்கே இருக்கார்? உடனே வரச் சொல்லுங்க. அவர் ரிப்போர்ட் வந்திருக்கு."

"என்ன மேடம்?"

"பொட்டாசியம் அஞ்சு புள்ளி ஒன்பது. போன மாசம் நாலு புள்ளி எட்டு."

அளவக்கா கையிலிருந்த கரண்டியை வைத்தாள். எங்கே வைத்தாள் என்று பிறகு தேட வேண்டியிருந்தது.

*

சாவிக்காரர் அரை மணியில் வந்துவிட்டார். நெஞ்சில் ஒயர்களை ஒட்டி ஈசிஜி எடுத்தார்கள். அதில் கோளாறு ஒன்றும் தெரியவில்லை என்று டாக்டர் சொன்னதும் அளவக்காவுக்கு மூச்சு வந்தது. அடுத்த வார்த்தையில் போயிற்று.

"தண்ணியில கலக்கிக் குடிக்க ஒரு பவுடர் தர்றேன். ஒரு மாத்திரையை நிறுத்தறேன். நாளைக் காலையில ஏழு மணிக்கு மறுபடி ரத்தம் எடுக்கணும். இறங்கலைன்னா அட்மிட் பண்ணணும். அப்புறம் டயாலிசிஸ் பத்திப் பேச வேண்டியிருக்கும். நெஞ்சு படபடன்னு அடிச்சாலோ கை கால் சோர்ந்தாலோ காலை வரைக்கும் காத்திருக்கக்கூடாது, உடனே வந்துரணும்." பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார். "சாப்பாட்டுல என்ன மாத்தினீங்க?"

"ஒண்ணும் மாத்தலை டாக்டர்."

"அக்கா, உருளைக்கிழங்கை எத்தனை நேரம் ஊறவெச்சீங்க?" டயட்டீஷியன் மேடம் மெதுவாகத்தான் கேட்டாள். ஆனால் கேட்டுவிட்டாள்.

பத்தொன்பது வருடத்தில் யாரும் அவளிடம் கேட்காத கேள்வி. அளவக்காவின் காது சூடாயிற்று. "அளவு தப்பாது மேடம்" என்றாள்.

"தப்பலைன்னா எங்கேருந்து வருது? இன்னைக்குள்ள கண்டுபிடிங்க. எங்கேருந்து வருதுன்னு தெரியாம நிறுத்த முடியாது."

சாவிக்காரர் ஸ்டூலில் உட்கார்ந்து சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார். "ஒண்ணும் மாறலை. நான் வெளியில ஒரு வாய் டீகூடக் குடிக்கறதில்லை" என்றார். டாக்டரைப் பார்த்துச் சொன்னார். அவளைப் பார்க்கவில்லை. ஒரு பொத்தானை மாற்றிப் போட்டுவிட்டு, கழற்றி, மறுபடி போட்டார்.

வெளியே வந்ததும் அவள் கேட்டாள். "வீட்டுக்குப் போய்ப் படுங்களேன்?"

"படுத்தா நோயாளி ஆயிடுவேன். ஒருத்தர் பூட்டு குடுத்துட்டுப் போயிருக்கார். உட்கார்ந்த வேலைதானே. ஒரு மாதிரி இருந்தா உடனே போன் பண்றேன்."

அவர் பேருந்து ஏறிப் போனார். அவள் அரை நாள் லீவு சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனாள்.

*

தன் சமையலறையையே போலீஸ்காரி போலச் சோதனை போட்டாள். தராசில் எடைக்கல் வைத்துப் பார்த்தாள். தராசு பொய் சொல்லவில்லை. எண்ணெய், மிளகு, பூண்டு, புதிதாக வாங்கிய வினிகர், எல்லாவற்றின் லேபிளையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் படித்தாள். ஊறவைக்கிற பாத்திரத்தை முகர்ந்துகூடப் பார்த்தாள். எல்லாம் சரியாக இருந்தது. சரியாக இருப்பதுதான் பயமாக இருந்தது.

என் கையால்தான் சாப்பிடுகிறார், என் கையால்தான் கெட்டும் போகிறாரா? அந்த நினைப்பு வந்ததும் அவள் அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "இன்னும் கொஞ்சம்" என்று கேட்டார் என்று பதினோரு நாளாக ஒரு கரண்டி கூடப் போட்டது நினைவுக்கு வந்தது. ஒரு கரண்டிக் கோஸ். அதில் இவ்வளவு ஏறாது. அவளுக்குத் தெரியும். தெரிந்தும் மனசு அந்தக் கரண்டியையே சுற்றியது.

மதியச் சாப்பாட்டைப் புதிதாகச் செய்து, அவருக்கு ஒன்று தனக்கு ஒன்று என்று இரண்டு டப்பாக்களில் அடைத்து எடுத்துக்கொண்டு பேருந்து நிலையத்துக்குப் போனாள்.

கூண்டு நாலடிக்கு நாலடி. பின்சுவர் முழுக்க வெட்டாத சாவிகள் ஆணியில் தொங்கும். மெஷின் பக்கத்தில் பித்தளைத் தூள் பொன்னாகக் குவிந்திருக்கும். அவர் முழங்கை முடியிலும் எப்போதும் நாலு துகள் மின்னும். ஹெல்மெட்டைக் கையில் மாட்டிக்கொண்டு ஒருவர் சாவிக்காகக் காத்து நின்றார்.

"சூடா இருக்கு, உடனே சாப்பிடுங்க" என்று ஒரு டப்பாவை நீட்டினாள்.

"நீ கிளம்பு. நான் சாப்பிட்டுக்கறேன்" என்றார்.

அவள் சாலையைக் கடந்து பேருந்து நிறுத்தம் வரை போய்விட்டாள். பையைத் துழாவியபோது டாக்டர் கொடுத்த பவுடர் பாக்கெட் கையில் தட்டியது. இன்றைக்கு அவள் மறக்கக்கூடாத ஒரே பொருள். தன்னைத்தானே திட்டிக்கொண்டு திரும்பி நடந்தாள்.

கண்ணாடிக்குப் பின்னால் அவர் குனிந்து உட்கார்ந்திருந்தார். டப்பா மடியில் திறந்திருந்தது. பூட்டு ஸ்பிரிங்குகள் போட்டு வைக்கும் சின்னத் தகர டப்பியைத் திறந்து, இரண்டு விரலால் ஒரு சிட்டிகை எடுத்து, சாப்பாட்டின் மேல் தூவினார். சாவி வெட்டுகிற விரல்கள். ஒரு துகள்கூட வெளியே சிந்தவில்லை.

அளவக்கா கதவைத் திறந்தாள்.

"என்னங்க அது?"

அவர் டப்பியை மூடினார். மூடிப் பயனில்லை என்று தெரிந்து திறந்தார். "உப்பு இல்லை" என்றார் அவசரமாக. "சத்தியமா உப்பு இல்லை."

அவள் ஒரு விரலை நனைத்துத் தொட்டு நாக்கில் வைத்தாள். முதலில் உப்பு மாதிரி. கடைசியில் லேசாக ஒரு கசப்பு. காலையில் மேல் அலமாரியில் அவள் எடுத்து வைத்த வெள்ளை டப்பா கண்முன் வந்தது.

"இதை யார் குடுத்தா?"

"பாப்பாகிட்ட வாங்கிட்டு வரச் சொன்னேன். அவ கடையிலயே விக்கறாங்களாம்." பாப்பா என்பது அவர்கள் மகள். இருபத்தாறு வயது. சூப்பர்மார்க்கெட்டில் பில் போடுகிறாள். "நீதானே சொன்னே? அன்னிக்கு சாப்பிடும்போது. நீல அட்டைக்காரங்களுக்கு நல்ல உப்பு ஒண்ணு வந்திருக்கு, தட்டெல்லாம் காலியா திரும்பி வருதுன்னு. எவ்வளவு சந்தோஷமா சொன்னே. டாக்டர் சோடியம் ஆகாதுன்னுதானே சொன்னார், இதுல அது கம்மிதானேன்னு நினைச்சேன்."

அவள் சொன்னாள்தான். காலித் தட்டுகளைப் பற்றிச் சொல்லச் சொல்லத் தன் வீட்டுத் தட்டு நினைவுக்கு வந்து பாதியில் நிறுத்திவிட்டாள். மஞ்சள் அட்டைக்கு அது ஆகாது என்கிற மறு பாதியைச் சொல்லவே இல்லை. நாற்பத்திரண்டு தட்டுக்கு வாய் ஓயாமல் சொல்கிறவள், ஒரு தட்டுக்குச் சொல்லவில்லை.

"அது உங்களுக்கு விஷங்க" என்றாள். "நாளைக்கு உங்களை மெஷின்ல மாட்டணுமா வேண்டாமான்னு பேசறாங்களே, இதனாலதான். காலையில டாக்டர் கேட்டாரே, வாயைத் திறந்தீங்களா?"

அவர் முகம் வெளுத்தது. அது பொய்யில்லை, அவருக்கு நிஜமாகவே தெரிந்திருக்கவில்லை. "உப்பே இல்லையே, இதைப் போய் சொல்லி உன்னை ஏன் அவங்க முன்னாடி..." என்று இழுத்தார்.

"அப்படி என்ன நாக்கு உங்களுக்கு? ஆறு மாசம் பொறுத்தவருக்கு அதுக்கு மேல முடியலையா?"

சாவிக்காரர் டப்பியைத் திருகிக்கொண்டே இருந்தார். ஹெல்மெட்காரர் சாலையைப் பார்ப்பது போல் நின்றுகொண்டு நன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"நாக்கு இல்லை" என்றார் கடைசியில். "நாலாவது மாசமே எனக்கு ருசி விட்டுப்போச்சு. உப்பில்லாததே பழகிடுச்சு. உன் முகம்தான் பழகலை."

"என் முகமா?"

"கரண்டியை வெச்சுக்கிட்டு என் வாயையே பார்த்துட்டு நிப்பே. நான் எழுந்து போனா அப்படியே சுருங்கிப் போவே. தினமும் பார்க்கறேன்ல? பொய்யா கேட்டா உனக்குத் தெரிஞ்சுடும். அதான் கொஞ்சம் தூவிக்கிட்டா நிஜமாவே கேட்க வருமேன்னு..."

வீட்டிலும் அப்படித்தானா? அவளுக்கு இப்போது எல்லாம் புரிந்தது. பதினோரு நாளாகச் சாப்பிட உட்கார்ந்ததும் அவர் தண்ணீர் கேட்பார். அவள் உள்ளே போய் எடுத்து வருவாள். வரும்போது தலை குனிந்து பிசைந்துகொண்டிருப்பார். பிறகு தட்டு நகரும். அவள் உள்ளுக்குள் குளிர்ந்து போவாள்.

அவளுக்குக் கோபம் வந்தது. அழுகை வந்தது. இரண்டுக்கும் நடுவே வெட்கங்கெட்ட ஒரு சந்தோஷமும் எட்டிப் பார்த்தது. அதை நினைத்து மறுபடி கோபம் வந்தது. அவள் ஏங்கிய ஒரு வார்த்தையை அந்த மனுஷன் தன் ரத்தத்தைக் கொடுத்து வாங்கி வந்திருக்கிறார். இவள் அதை வாங்கி முடிந்துவைத்துக்கொண்டு பதினோரு நாள் ஆடியிருக்கிறாள்.

"சார், சாவி..." என்றார் ஹெல்மெட்காரர். "இல்ல, நான் அப்புறம் வரட்டுமா?"

"அஞ்சு நிமிஷம்" என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

அவர் மடியிலிருந்த டப்பாவை எடுத்துப் பையில் போட்டாள். தன்னுடையதைத் திறந்து அவர் கையில் வைத்தாள். பவுடரைக் கலக்கிக் கொடுத்தாள். அவர் குடித்து முடிக்கும் வரை தம்ளரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள்.

"கண்டுபிடிச்சுட்டேன் மேடம். அளவு தப்பலை. நான் பாதியில நிறுத்தின பேச்சுதான் தப்பு."

அந்தப் பக்கம் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நிறுத்திட்டீங்கள்ல? நல்லது. இறங்கும்னு நம்புவோம். காலையில பார்த்தாத்தான் தெரியும் அக்கா" என்றாள் மேடம்.

*

பாப்பா சாயங்காலம் வந்ததும் வராததுமாக அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றாள். அப்பா போனில் சொல்லியிருக்க வேண்டும்.

"நான்தாம்மா வாங்கிக் குடுத்தேன்."

"தெரியும். செருப்பைக் கழட்டு."

"திட்டேம்மா."

"உன்னைத் திட்டினா என்னையும் திட்டிக்கணும். கோஸை நறுக்கு."

பாப்பா நறுக்கினாள். அழுதுகொண்டே நறுக்கியதில் துண்டுகள் கோணல்மாணலாக விழுந்தன. கொஞ்ச நேரம் கழித்து, தலையை நிமிர்த்தாமல் கேட்டாள். "அம்மா, அப்பாவோட பிளட் குரூப்பும் என்னோட குரூப்பும் ஒண்ணுதானே?"

பூண்டை நசுக்கிக்கொண்டிருந்த அளவக்காவின் கை நின்றது. "எதுக்குக் கேட்கறே?"

"சும்மாதான்." பாப்பா கத்தியைக் கழுவப் போய்விட்டாள். அவள் கைப்பையின் வாயில் மடித்து வைத்த காகிதம் ஒன்று எட்டிப் பார்த்தது. அதன் தலைப்பில் ஆஸ்பத்திரியின் முத்திரை இருந்தது. அளவக்கா அதைப் பார்த்தாள். சிறுநீரகம் கொடுக்க வருகிறவர்களிடம்தான் முதலில் பிளட் குரூப் கேட்பார்கள் என்று அவளுக்குத் தெரியும். இன்றைக்கு இதற்கு மேல் ஒன்றைத் தாங்க முடியாது என்று பார்வையைத் திருப்பிக்கொண்டாள்.

சாப்பிட உட்கார்ந்தபோது அவள் தண்ணீரை முதலிலேயே கொண்டுவந்து வைத்துவிட்டாள். கரண்டியோடு நிற்கவில்லை; எதிரில் உட்கார்ந்தாள்.

"இன்னிலேருந்து ஒரு சட்டம்" என்றாள். "நல்லா இல்லைன்னா நல்லா இல்லைன்னு சொல்லணும். என் முகத்தைப் பார்க்கக்கூடாது. தட்டைப் பார்த்துச் சொல்லணும்."

அவர் ஒரு வாய் எடுத்து மென்றார். பாப்பா மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள்.

"நல்லா இல்லை" என்றார் தட்டைப் பார்த்து.

ஆறு மாதத்தில் அவர் அவள் சமையலைப் பற்றிச் சொன்ன முதல் நிஜம். அளவக்காவுக்கு வலித்தது. வலித்தாலும் எங்கேயோ ஒரு முடிச்சு இளகியது. எழுந்து போய், பூண்டைக் கருகாமல் சிவக்க வறுத்து, மிளகை அப்போதே பொடித்துப் போட்டு, எலுமிச்சையில் நாலு சொட்டு விட்டு எடுத்து வந்தாள்.

"இது?"

"கோஸ்ல பச்சை வாசனை அடிக்குது."

"சரி."

மறுபடி அடுப்பு. மூன்றாவது தடவை கோஸைத் தனியாக, ஓரம் முறுகும் வரை விட்டு எடுத்தாள். வினிகர் ஒரு துளி. அவர் வாயில் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் மென்றார். நெற்றி சுருங்கியது. புதிதாக வெட்டிய சாவியைப் பூட்டில் போட்டுத் திருப்பிப் பார்க்கும்போது அவர் முகம் இப்படித்தான் இருக்கும். இரண்டாவது வாய் எடுத்தார். மூன்றாவதை யாரும் சொல்லாமல் எடுத்தார்.

தட்டு காலியாயிற்று. அவர் அதை மெல்ல அவள் பக்கம் நகர்த்தினார். இரண்டு விரல் அகலம்தான் நகர்ந்தது. இந்தத் தடவை தட்டைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்தார். வாய் திறந்தது.

"இன்னும்..."

அளவக்கா சட்டென்று எட்டி அவர் வாயைப் பொத்தினாள். பூண்டு வாசனை அடிக்கிற கை. அதன் கீழே அவர் உதடு அசைந்தது.

"வேண்டாம்" என்றாள். "இன்னிக்கு அளவு முடிஞ்சுது. காலையில ரத்தம் குடுத்துட்டு, அந்த நம்பர் இறங்கிடுச்சுன்னு எனக்குக் காட்டிட்டு அப்புறம் கேளுங்க. ஆறு மாசம் காத்திருந்தேன். ஒரு ராத்திரி காத்திருக்க மாட்டேனா?"